கார்பனுக்கு விலை கேட்ட குடிமக்கள்

நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிவாயுவையும் எரிப்பதால் வரும் கேட்டுக்கு எரிப்பவரே விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் கார்பன் விலை என்ற ஏற்பாட்டின் சாரம். பொருளாதாரத்தில் இந்தச் சிந்தனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஒருவர் செய்யும் தொழிலால் சம்பந்தமில்லாத இன்னொருவருக்கு இழப்பு நேர்ந்தால், அந்த இழப்பை வரியாக்கித் தொழில் செய்பவர் கணக்கிலேயே ஏற்றலாம் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட 'நலப் பொருளியல்' நூலில் எழுதினார். ஆலைப் புகை அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. எழுபது ஆண்டு கழித்து, 1990இல், பின்லாந்து உலகின் முதல் கார்பன் வரியை விதித்தது. மறு ஆண்டே சுவீடனும் நார்வேயும் அதே வழியில் சென்றன.

சாதாரணக் குடிமக்கள் அமைப்பாகத் திரண்டு, சம்பளம் வாங்காமல், சொந்தச் செலவில் தலைநகருக்குப் போய், 'கார்பனுக்கு விலை வையுங்கள்' என்று மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கும் வழக்கம் இதற்குப் பிறகு தோன்றியது. வரியைக் குறைக்கச் சொல்லி மக்கள் போராடிய வரலாறு எல்லா நாட்டிலும் உண்டு. வரி போடச் சொல்லி மனுக் கொடுத்தவர்களின் வரலாறு அரிது. அதன் முக்கியமான பக்கங்கள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் 2005 முதல் எழுதப்பட்டவை.

மக்கள் இல்லாமல் நடந்த முயற்சிகள்

1988 ஜூன் 23 அன்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பூமி சூடேறி வருவதும் அதற்கு மனிதர் வெளியேற்றும் வாயுக்களே காரணம் என்பதும் தெளிவாகிவிட்டன என்றார். மறுநாள் செய்தித்தாள்களில் அது முதல் பக்கச் செய்தி. ஆனால் சட்டம் என்று வந்தபோது நிலைமை வேறு. 1993இல் அதிபர் பில் கிளின்டன் எரிபொருளின் வெப்ப அளவை வைத்து ஓர் ஆற்றல் வரியை முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபையில் அது நூலிழையில் தேறியது; செனட்டில் மடிந்தது. எஞ்சியது பெட்ரோல் மீது கேலனுக்கு 4.3 சென்ட் கூடுதல் வரி மட்டுமே. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பறிகொடுத்தது. அதன்பின் நெடுங்காலம் ஆற்றல் வரி என்ற பேச்சையே அக்கட்சியினர் எடுக்கத் தயங்கினர்.

1997இல் கியோட்டோ காலநிலை மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைப் பாதிக்கிற எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்ற தீர்மானத்தை செனட் 95–0 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 2003இல் செனட்டர்கள் ஜான் மெக்கெயினும் ஜோ லீபர்மனும் மாசு வெளியீட்டுக்கு வரம்பு வைக்கக் கொண்டுவந்த மசோதா 43–55 என்று தோற்றது. அறிவியல் ஒரு பக்கம் உறுதியாகிக்கொண்டே போக, மறுபக்கம் வாக்கெடுப்புகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. எந்த உறுப்பினரின் தொகுதியிலும் இதற்காகக் குரல் கொடுக்க ஆட்கள் போதுமான அளவு இல்லை.

பிரிட்டனின் பெரிய கோரிக்கை

முதல் பெரிய வெற்றி அட்லாண்டிக்கின் மறுகரையில் கிடைத்தது. 2005 மே மாதம் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' என்ற சூழல் அமைப்பு 'பிக் ஆஸ்க்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பெயருக்கு ஏற்ப அதில் ஒரே ஒரு பெரிய கோரிக்கைதான்: நாட்டின் மாசு வெளியீட்டை ஆண்டுக்கு ஆண்டு குறைக்க அரசைச் சட்டப்படி கட்டாயப்படுத்த வேண்டும். 'ரேடியோஹெட்' இசைக்குழுவின் பாடகர் தாம் யார்க் தொடக்க விழாவில் நின்றார். கூட்டம் சேர்த்தது பாடகரின் பெயர் என்றாலும், வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்க் கிளைகளின் தன்னார்வலர்கள். தொகுதி எம்.பி.யை வார இறுதிச் சந்திப்பு நேரத்தில் போய்ப் பார்ப்பது, அஞ்சலட்டை அனுப்புவது, கடிதம் எழுதுவது என்று ஏறக்குறைய 2 லட்சம் பேர் தங்கள் எம்.பி.க்களைத் தொடர்புகொண்டனர்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒரு கருத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திடும் தீர்மான முறை ஒன்று உண்டு. அதற்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் எத்தனை பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். காலநிலைச் சட்டம் கேட்ட தீர்மானத்தில் 646 எம்.பி.க்களில் 412 பேர் கையெழுத்திட்டனர். 2006இல் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியும் சட்டத்தை ஆதரிக்கத் தொடங்கியதும் ஆளும் லேபர் கட்சிக்கு ஒதுங்கி நிற்க வழியில்லாமல் போயிற்று. 2008 அக்டோபரில் மசோதா 463–3 என்ற கணக்கில் நிறைவேறி, நவம்பர் 26 அன்று சட்டமானது. தொடக்கத்தில் 2050க்குள் 60 சதவீதக் குறைப்பு என்றிருந்த இலக்கு, மசோதா நாடாளுமன்றத்தில் இருந்த காலத்திலேயே 80 சதவீதமாக உயர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரவுசெலவு, அதைக் கண்காணிக்கத் தன்னாட்சி பெற்ற ஒரு குழு என்ற அமைப்பு பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. 2019இல் இலக்கு நிகர பூஜ்ஜியமாக மாற்றப்பட்டது.

இந்தச் சட்டம் பெட்ரோல் பங்க்கில் உடனே விலையேற்றிக் காட்டும் சட்டம் அல்ல. இலக்கை நிர்ணயித்து, எப்படி எட்டுவது என்பதை அரசின் பொறுப்பில் விட்டது. எதிர்ப்பு குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலிடப் பேரத்தின் முடிவு

அமெரிக்காவில் இதே ஆண்டுகளில் வேறு பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2007இல் பெரிய சூழல் அமைப்புகளும் பெரிய நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி ஒரு கூட்டணி அமைத்தன. மொத்த மாசுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குட்பட்ட அனுமதிகளை நிறுவனங்கள் வாங்கி விற்கலாம் என்ற முறை அவர்களின் திட்டம். அதை ஒட்டி சபை உறுப்பினர்கள் ஹென்றி வாக்ஸ்மன், எட் மார்க்கி ஆகியோர் கொண்டுவந்த மசோதா 2009 ஜூன் 26 அன்று பிரதிநிதிகள் சபையில் 219–212 என்று நிறைவேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்த மசோதாவில் தொடக்க ஆண்டுகளின் அனுமதிகளில் பெரும்பகுதி இலவசமாகவே கொடுக்கப்படுவதாக இருந்தது. தன் வீட்டுக்கு இதில் என்ன வரும் என்று ஒரு சாதாரண வாக்காளர் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. எதிர்ப்பாளர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'வரி' என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2010 ஜூலையில் செனட் தலைவர்கள் மசோதாவைக் கைவிட்டனர்.

ஹார்வர்டு அரசியல் அறிஞர் தீடா ஸ்காச்போல் இந்தத் தோல்வியை ஆராய்ந்து 2013இல் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். தலைநகரில் உள்ளறைப் பேரம் நடத்தியவர்கள் தொகுதிகளில் ஆதரவைக் கட்டவே இல்லை; எதிர்த்தரப்போ ஊர் ஊராகக் கட்டியிருந்தது என்பது அவர் கண்ட குறை. வசூலாகும் பணம் நேரடியாக மக்களிடமே திரும்பும் என்றிருந்தால் அதைக் காக்க மக்கள் முன்வந்திருப்பார்கள் என்றும் அவர் வாதிட்டார்.

பட்டினி ஒழிப்பிலிருந்து வந்த பாடம்

அந்தத் திசையில் ஒரு சிறு குழு அதற்கு முன்பே நடக்கத் தொடங்கியிருந்தது. அதன் வேர் காலநிலை இயக்கத்தில் இல்லை, பட்டினி ஒழிப்பு இயக்கத்தில் இருந்தது. 1970களின் இறுதியில் மயாமி நகர இசை ஆசிரியரான சாம் டேலி-ஹாரிஸ் உயர்நிலைப் பள்ளிகளில் உலகப் பட்டினி பற்றிப் பேசப் போனார். போன இடத்திலெல்லாம், 'உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் பெயர் என்ன?' என்று கேட்டார். ஏறக்குறைய 7,000 மாணவர்களில் சரியாகச் சொன்னவர்கள் 200 பேர்கூட இல்லை. பட்டினியை ஒழிக்க வழி இருந்தும் அதைச் செய்யும் அரசியல் உறுதி இல்லை என்றால், அந்த உறுதியை உண்டாக்க வேண்டியது தொகுதி மக்களே என்ற முடிவுக்கு வந்து 1980இல் 'ரிசல்ட்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் மாதந்தோறும் கூடி ஒரு விஷயத்தைப் படிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லப் பழகுவார்கள். அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள்.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியைச் சேர்ந்த நில வணிகரான மார்ஷல் சாண்டர்ஸ் இந்த அமைப்பில் பயின்றவர். வங்கதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் ஏழைப் பெண்களுக்கு நுண்கடன் தரும் அமைப்பையும் உருவாக்கியவர். 2006இல் முன்னாள் துணை அதிபர் அல் கோர் தோன்றிய 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' ஆவணப்படம் அவரைக் காலநிலைப் பிரச்சினையின் பக்கம் திருப்பியது. ஊர் ஊராகப் போய் அதைப் பற்றி விளக்கினார். கேட்டவர்கள் மின்விளக்கை மாற்றினார்கள், கார் ஓட்டுவதைக் குறைத்தார்கள். ஆனால் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் காங்கிரஸ் கொடுக்கும் வரிச் சலுகையின் முன் அந்தச் சேமிப்பு ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு விளங்கியது. 'ரிசல்ட்ஸ்' முறையையே இதற்கும் பயன்படுத்தலாம் என்று 2007இல் 'சிட்டிசன்ஸ் கிளைமேட் லாபி' என்ற குடிமக்கள் காலநிலைப் பரப்புரைக் குழுவைத் தொடங்கினார். 'ரிசல்ட்ஸ்' அனுபவம் உள்ள மார்க் ரெனால்ட்ஸ் 2009இல் அதன் நிர்வாக இயக்குநரானார். 2010இல் குழு முதன்முறையாகத் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனபோது வந்தவர்கள் சுமார் 25 பேர். 2017 ஜூன் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

ஒரு சந்திப்பு நடக்கும் விதம்

இந்தக் குழுவின் பலம் அதன் பயிற்சியில் இருந்தது. மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுவை நீட்டிவிட்டு வரிசை நகர்ந்ததும் வெளியேறுவது போன்றதன்று இந்தச் சந்திப்பு. நான்கைந்து பேர் கொண்ட அணி. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் பேச்சை நடத்துவார். ஒருவர் குறிப்பெடுப்பார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார், ஏனென்றால் கிடைப்பது அரை மணி நேரத்துக்குள்தான். கோரிக்கையை வைப்பது ஒருவர் பொறுப்பு. சந்திப்பு முடிந்தபின் கேட்ட தகவல்களை அனுப்பித் தொடர்பைப் பேணுவது இன்னொருவர் பொறுப்பு.

முதல் வாக்கியம் நன்றி. அந்த உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் உண்மையிலேயே செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பொதுவாகப் புகழ்வது கூடாது. முன்னாள் படைவீரருக்காகப் போட்ட ஓட்டு, தொகுதி ஆற்றைக் காக்கக் கொண்டுவந்த மசோதா என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடுத்து, உறுப்பினருக்கு எது முக்கியம் என்று கேட்டுக் காது கொடுப்பது. அதன் பிறகே ஒரு முதன்மைக் கோரிக்கையும், அது முடியாது என்றால் ஒரு சிறிய கோரிக்கையும். வாக்குவாதத்துக்கு இடமில்லை. எதிரில் இருப்பவரும் நாட்டுக்கு நல்லது நினைப்பவரே என்று எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் உறுப்பினருக்குப் பதிலாக இருபதுகளில் இருக்கும் ஓர் உதவியாளர்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடமும் இதே மரியாதை, இதே வரிசை.

தலைநகர்ப் பயணம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான். மற்ற மாதங்களில் வேலை ஊரில் நடந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளின் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதிக்கு எழுதும்போது காங்கிரஸ் உறுப்பினரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உறுப்பினரின் அலுவலகம் அவர் பெயர் வரும் கடிதங்களைத் தேடி எடுத்து வைக்கும் என்பது காரணம். உழவர் சந்தையில் மேசை போடுவது, தேவாலயத்திலும் சங்கக் கூட்டத்திலும் பேசுவது, ஊரில் மதிப்புள்ள வணிகர், மேயர், மத குருமார் ஆகியோரிடம் ஆதரவுக் கடிதம் வாங்குவது ஆகியவை மீதி வேலைகள்.

கட்டணமும் பங்கும்

குழு கேட்டது எளிய ஒரு திட்டம். நிலக்கரி சுரங்கத்திலிருந்தும், எண்ணெய் கிணற்றிலிருந்தும், இறக்குமதியானால் துறைமுகத்திலும் வரும் இடத்திலேயே, எரித்தால் வெளியேறும் கரியமில வாயுவின் அளவுக்குக் கட்டணம் வசூலிப்பது. நிர்வாகச் செலவு போக மீதி முழுவதையும் நாட்டு மக்களுக்குச் சமமாகப் பிரித்து மாதந்தோறும் கொடுப்பது. அதே கட்டணம் இல்லாத நாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்கு எல்லையில் ஈடுகட்டும் வரி. ஹான்சன் பல ஆண்டுகளாக வலியுறுத்திய முறை இது. அவர் குழுவின் ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். ரீகன் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸும், கார்பன் வரியை ஆதரித்துப் பேசியபின் 2010இல் கட்சியின் உள்தேர்தலில் தோற்ற குடியரசுக் கட்சியின் முன்னாள் உறுப்பினர் பாப் இங்லிஸும் அதில் இடம்பெற்றனர்.

திட்டத்தின் கணக்கு சாதாரண வாக்காளருக்கும் புரியக்கூடியது. டன்னுக்கு 15 டாலர் என்றால் பெட்ரோல் கேலனுக்கு ஏறக்குறைய 13 சென்ட் ஏறும். பெரிய வீடு, இரண்டு மூன்று கார், அடிக்கடி விமானப் பயணம் என்று வாழ்பவர் அதிகம் எரிப்பார், அதிகம் கட்டுவார். பங்கு எல்லோருக்கும் ஒன்றே என்பதால் குறைவாக எரிக்கும் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டியதைவிடக் கைக்கு வருவது கூடுதலாக இருக்கும். அரசின் கஜானா பெருகாது என்பதால் பழமைவாதிகளும், ஏழைக்குச் சாதகம் என்பதால் முற்போக்காளர்களும் இதை ஏற்கலாம் என்பது குழுவின் நம்பிக்கை.

ஜோடி ஜோடியாக வந்த உறுப்பினர்கள்

2016 பிப்ரவரியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த இருவர், குடியரசுக் கட்சியின் கார்லோஸ் குர்பேலோவும் ஜனநாயகக் கட்சியின் டெட் டாய்ச்சும், பிரதிநிதிகள் சபையில் 'காலநிலைத் தீர்வுக் குழு' ஒன்றைத் தொடங்கினர். இதை உருவாக்கப் பின்னிருந்து உழைத்ததில் தன்னார்வலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு கட்சியிலிருந்து ஒருவர் சேர வேண்டுமானால் மறு கட்சியிலிருந்தும் ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது விதி. 2018இல் உறுப்பினர் எண்ணிக்கை 90ஐ எட்டியது.

அதே ஆண்டு ஜூலையில் ஒரு சோதனை வந்தது. கார்பன் வரி அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கேடு என்ற தீர்மானம் சபைக்கு வந்தபோது, காலநிலைத் தீர்வுக் குழுவில் இருந்த குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் தீர்மானத்தை ஆதரித்தே வாக்களித்தனர். எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மொத்தம் ஆறு பேர். 2016இல் இதே போன்ற தீர்மானத்தை அக்கட்சியில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்பதால் ஆறு என்பதும் முன்னேற்றமே என்று தன்னார்வலர்கள் கணக்கிட்டனர். பெயருக்குச் சேர்ந்துகொண்டு கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார்கள் என்று மற்ற சூழல் அமைப்புகள் சாடின. குர்பேலோ தானே ஒரு கார்பன் வரி மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார்.

2018 நவம்பர் இறுதியில் டாய்ச், ஃபிரான்சிஸ் ரூனி முதலியோர் கட்டணமும் பங்கும் கொண்ட மசோதாவை இரு கட்சி மசோதாவாகக் கொண்டுவந்தனர். 2019 ஜனவரியில் புதிய சபையில் அது மீண்டும் வந்தது. தொடக்கக் கட்டணம் டன்னுக்கு 15 டாலர். ஆண்டுக்கு 10 டாலர் ஏற்றம். வயதுவந்தோருக்கு முழுப் பங்கு, குழந்தைகளுக்கு அரைப் பங்கு. 80க்கும் மேற்பட்டோர் இணை முன்மொழிவாளராகச் சேர்ந்தாலும், அவர்களில் குடியரசுக் கட்சியினர் ரூனி ஒருவரே. அவரும் மறுமுறை போட்டியிடவில்லை. 2019 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற 27 பேர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதே முறையை ஆதரித்துப் பகிரங்க அறிக்கை வெளியிட்டனர். பின்னர் கையெழுத்துகள் 3,500ஐத் தாண்டின. அறிஞர் ஆதரவு குவிந்தும் மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. சாண்டர்ஸ் அந்த ஆண்டு டிசம்பரில் காலமானார்.

இளைஞர் இயக்கங்கள் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தன. அவர்களுக்கு விலையைவிட அரசு முதலீடும் வேலைவாய்ப்பும் முக்கியமாகப் பட்டன. 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்த வழியில் அமைந்தது: மானியமும் வரிச்சலுகையும் ஏராளம், கார்பன் கட்டணம் இல்லை. 2025இல் புதிய காங்கிரஸ் அந்தச் சலுகைகளில் பலவற்றைக் குறைத்துவிட்டது. குடிமக்கள் குழு தன் வேலைத்திட்டத்தை விரித்து, மின்கம்பி வழித்தட அனுமதி, காடு காத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

வாஷிங்டன் மாநிலத்தின் மூன்று வாக்கெடுப்புகள்

தலைநகரில் கதவு திறக்காதபோது மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலத் தன்னார்வலர்கள் நேராக மக்களிடமே போனார்கள். அங்கே போதுமான வாக்காளர் கையெழுத்து திரட்டினால் குடிமக்களே சட்ட வரைவை வாக்கெடுப்புக்கு விடலாம். மேடை நகைச்சுவையாளராகவும் அறியப்பட்ட பொருளாதார அறிஞர் யோரம் பாமன் தலைமையில் 'கார்பன் வாஷிங்டன்' என்ற குழு 2.46 லட்சம் கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில் 3.5 லட்சத்துக்கும் மேல் திரட்டியது. பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008 முதல் நடந்துவந்த வரி அவர்களுக்கு முன்மாதிரி. இரண்டாம் ஆண்டில் டன்னுக்கு 25 டாலராகி, பின்னர் படிப்படியாக ஏறும் கார்பன் வரி. அதற்கு ஈடாக மாநில விற்பனை வரியில் ஒரு சதவீதப் புள்ளி குறைப்பு. ஏழைக் குடும்பங்களுக்குத் தள்ளுபடி.

எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு எதிர்த்தது; பெரிய சூழல் அமைப்புகள் சில ஆதரவு தர மறுத்தன. வசூலாகும் பணத்தைச் சூரிய ஒளி, பொதுப் போக்குவரத்து, மாசால் பாதிக்கப்பட்ட பகுதிகள் ஆகியவற்றில் செலவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். மாநில அரசுக்கு வருவாய் இழப்பு வரும் என்று அரசு மதிப்பீடு சொன்னது வேறு. 2016 நவம்பரில் சுமார் 59 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தனர்.

2018இல் அந்த எதிர்ப்பாளர்களே பூர்வகுடி அரசுகளையும் சேர்த்துக்கொண்டு தங்கள் விருப்பப்படி ஒரு வரைவைக் கொண்டுவந்தனர். இம்முறை பணம் முழுவதும் திட்டங்களுக்கு. எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு எதிர்ப்பு விளம்பரம் செய்தன. மீண்டும் தோல்வி, எதிர்த்தவர்கள் 56 சதவீதத்துக்கும் மேல்.

இரண்டு தோல்விகளும் வீண்போகவில்லை. நான்கைந்து ஆண்டு மாநிலம் முழுவதும் பேசப்பட்ட விஷயம் சட்டமன்றத்துக்குள் போயிற்று. 2021 மே மாதம் ஆளுநர் ஜே இன்ஸ்லீ உச்சவரம்பும் ஏலமும் கொண்ட காலநிலை உறுதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2018இல் எதிர்ப்பு விளம்பரத்துக்கு அதிகம் செலவிட்ட பிபி எண்ணெய் நிறுவனம் இதை ஆதரித்தது. 2023 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் டன்னுக்கு 48.50 டாலர் கிடைத்தது. பெட்ரோல் விலை ஏறியதும் எதிர்ப்பு கிளம்பி, சட்டத்தை ரத்து செய்யக் கோரும் வாக்கெடுப்பு 2024 நவம்பரில் வந்தது. அதற்குள் ஏலப் பணத்தின் துணையோடு பதினெட்டு வயது வரை உள்ளோர் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்துகொண்டிருந்தனர். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களின் மின்கட்டணத்தில் 200 டாலர் கழிக்கப்பட்டிருந்தது. சட்டத்தைக் காக்கத் தொழிற்சங்கங்கள், பூர்வகுடி அரசுகள், சூழல் அமைப்புகள் எல்லாம் ஒரே அணியில் வீடு வீடாகப் போயின. சுமார் 62 சதவீதம் பேர் ரத்துக்கு எதிராக வாக்களித்தனர்.

கனடாவில் கிடைத்ததும் இழந்ததும்

கட்டணமும் பங்கும் என்ற திட்டத்துக்கு மிக நெருங்கி வந்த நாடு கனடா. 2010இல் ஒன்டாரியோவின் சட்பரி நகரில் குடிமக்கள் குழுவின் கனடியக் கிளை தொடங்கியது. ஜஸ்டின் ட்ரூடோ அரசு 2018இல் இயற்றிய சட்டத்தின்படி, தனக்கென்று விலைத்திட்டம் இல்லாத மாகாணங்களில் 2019 ஏப்ரல் முதல் டன்னுக்கு 20 கனடிய டாலர் எரிபொருள் கட்டணம் விதிக்கப்பட்டது. 2024இல் அது 80 டாலர் ஆனது. வசூலில் ஏறக்குறைய 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

பலவீனம் பணம் திரும்பிய விதத்தில் இருந்தது. தொடக்கத்தில் அது வருமான வரிக் கணக்கின் ஒரு வரியில் கழிவாக வந்ததால் பலர் கவனிக்கவே இல்லை. 2022 முதல் காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்தபோதும், அது எதற்கான பணம் என்பது பலருக்குத் தெளிவாகவில்லை. பெட்ரோல் பங்க்கில் கட்டியதோ ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. 2024இல் ஆல்பர்ட்டாவின் நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கிடைத்தும், வரியை ஒழிப்போம் என்ற எதிர்க்கட்சி முழக்கம் செல்லுபடியானது. 2023 அக்டோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு அரசே விலக்கு கொடுத்தது எதிர்ப்பாளர்களுக்கு வலு சேர்த்தது. 2025 மார்ச்சில் பதவியேற்ற பிரதமர் மார்க் கார்னி முதல் வேலையாக நுகர்வோர் கட்டணத்தைப் பூஜ்ஜியமாக்கினார். ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் தன் வரியை நிறுத்தியது. பெரிய ஆலைகள் மீதான விலை மட்டும் தொடர்கிறது.

எஞ்சும் பாடம்

இருபது ஆண்டுகளில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தன்னார்வலர்கள் கட்டிய தொகுதி ஆதரவு பிரிட்டனில் நேரடியாகவும் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு தோல்விகளுக்குப் பிறகும் சட்டமாக விளைந்தது. அமெரிக்கக் காங்கிரசில் பேச்சளவில் நின்றது. சட்டம் வந்தபின் அது நிலைப்பதற்கு வேறொன்றும் தேவைப்பட்டது: பணம் எங்கே போகிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தவர் தங்கள் பிள்ளைகளின் பேருந்துப் பயணத்தில் அதைக் கண்டார்கள். கனடியர்களில் பலர் தங்கள் வங்கிக் கணக்கிலேயே அதைக் காணவில்லை. கார்பன் விலைச் சட்டத்தைக் கொண்டுவர எவ்வளவு உழைப்பு வேண்டுமோ, அது வந்தபின் தெருத்தெருவாகப் போய் விளக்கவும் அதே அளவு உழைப்பு வேண்டும். அந்த இரண்டாவது வேலை நடந்த இடத்தில் சட்டம் நிலைத்தது. நடக்காத இடத்தில் ஒரே கையெழுத்தில் போய்விட்டது.